‘பழக்கப்பட்டவர்’: ஒரு வாக்கியத்தின் சரித்திரம்

சில வருஷங்கள் வயிற்றுப்பாட்டுக்காகக் கோர்ட் காகிதங்களை மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். செஷன்ஸ் கோர்ட்டில் தமிழில் பதிவான சாட்சியங்களை அப்பீலுக்காக இங்கிலீஷில் ஆக்கித் தர வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. பக்கக் கணக்கில் வேலை செய்கிறவன் வாக்கியங்களைப் படிப்பதில்லை, கடந்துபோகிறான். அதிலும் டாக்டரின் சாட்சியம் என்றால் சந்தோஷம். ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். கை தானாக எழுதிக்கொண்டு போகும்.

கற்பழிப்பு வழக்குகளில் (அந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன்) அந்த அச்சின் கடைசி இரண்டு வாக்கியங்கள் இவை: ‘இரண்டு விரல்கள் எளிதில் உள்ளே சென்றன. அவர் உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்.’ குறைந்தது பத்துப் பன்னிரண்டு கட்டுகளிலாவது இதை இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். ஒரு தடவையும் பேனா நின்றதில்லை. ஒரு கவிதையில் ஒரு அடைமொழி அதிகப்படியா இல்லையா என்று நண்பர்களோடு விடியும்வரை சண்டை போட்ட அதே நாட்கள்தான் இவையும். இங்கே இதை எழுதுவதற்கு அதுதான் காரணம். மொழியை உன்னிப்பாகப் படிக்கிறவர்கள் என்று நம்மைப் பற்றி நமக்கொரு அபிப்பிராயம் உண்டு. அந்த அபிப்பிராயம் எனக்கு ஒரு கட்டத்தில் உடைந்துபோயிற்று.

முதலில் வாக்கியத்தையே பார்க்கலாம். ‘சென்றன’ இறந்தகால வினை. ஒரு நாள், ஒரு மேஜை, ஒரு கை. நடந்து முடிந்த காரியம். அடுத்த வாக்கியத்தில் வினையே இல்லை. ‘பழக்கப்பட்டவர்’ வினையாலணையும் பெயர். அதற்கும் காலம் உண்டு, ஆனால் அது காரியத்தை அல்ல, ஆளைக் குறிக்கிறது. ஒரு உடலில் ஒரு நிமிஷம் பார்த்தது, அடுத்த நிமிஷம் ஒருத்தியின் குணமாகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ‘ஆகவே’ என்ற சொல்கூட இல்லை. இருந்திருந்தால் யாராவது நின்று, எப்படி ‘ஆகவே’ என்று கேட்டிருப்பார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், அந்த ‘அர்’ விகுதி. மரியாதைப் பன்மை கொடுத்து ஒருத்தியை அவமதிப்பது நம் அரசாங்கத் தமிழுக்கே கைவந்த வித்தை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அடிபட்டு வருகிற யாரையும் முதலில் விபத்துப் பதிவேட்டில்தான் ஏற்றுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று வக்கீல் குமாஸ்தாக்கள் சொல்லும் காகிதம் அதன் நகல். லாரி மோதியவனும், அரிவாள் வெட்டு வாங்கியவனும், பலாத்காரத்துக்கு ஆளானவளும் ஒரே நோட்டில். எல்லோருக்கும் ‘மோதியதாகச் சொல்கிறார்’, ‘வெட்டியதாகச் சொல்கிறார்’ என்றுதான் எழுதுவார்கள். டாக்டர் நேரில் பார்க்கவில்லை, சரி. ஆனால் லாரியில் அடிபட்டவனைப் படுக்கவைத்து, இவன் லாரியில் அடிபட்டுப் பழக்கப்பட்டவனா என்று யாரும் சோதித்ததில்லை. அந்தச் சோதனை ஒருத்திக்கு மட்டும்.

*

எங்கிருந்து வந்தது இது?

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மேத்யூ ஹேல் என்று ஒரு தலைமை நீதிபதி. இந்தக் குற்றச்சாட்டைச் சொல்வது சுலபம், நிரூபிப்பது கஷ்டம், நிரபராதி தற்காத்துக்கொள்வது அதைவிடக் கஷ்டம் என்ற கருத்தை எழுதிவைத்தார். அவர் 1676இல் இறந்தார். புத்தகம் 1736இல் அச்சாயிற்று. அடுத்த இருநூறு வருஷத்துக்கும் மேலாக இங்கிலீஷ் சட்டம் பரவிய தேசங்களிலெல்லாம் நீதிபதிகள் அதை மந்திரம்போல் உச்சரித்தார்கள். மற்றக் குற்றங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியவன் குற்றம்சாட்டப்பட்டவன். இதில் குற்றம் சொல்ல வந்தவள்.

இந்தியாவுக்கு வரும்போது இந்தச் சந்தேகத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1856இல் கல்கத்தாவில் நார்மன் செவர்ஸ் என்ற டாக்டர் வங்காளத்துக்கென்று ஒரு சட்ட மருத்துவ நூல் வெளியிட்டார். இந்த நாட்டு ஜனங்கள் பொய்சொல்லிகள், வாய்ச்சாட்சியத்தை நம்ப முடியாது, உடல்தான் நம்பகமான சாட்சி என்பது அதன் அடிநாதம். ஆக, இங்கே ஒருத்தி இரண்டு விதத்தில் பொய்சொல்லி. பெண் என்பதால் ஒன்று, சுதேசி என்பதால் ஒன்று. 1872 சாட்சியச் சட்டம் 155ஆம் பிரிவில் நான்காவது உட்பிரிவாக, பலாத்கார வழக்கில் புகார் சொன்னவள் பொதுவாக ஒழுக்கக்கேடானவள் என்று காட்டி அவள் வாக்கைத் தள்ளலாம் என்று எழுதிவைத்தது. குற்றவாளியின் ஒழுக்கத்துக்கு அப்படி ஒரு உட்பிரிவு கிடையாது. 130 வருஷம் இருந்துவிட்டு, 2002ஆம் வருஷத் திருத்தத்தில்தான் அது போயிற்று.

விரல் கணக்கு பிரான்சிலிருந்து வந்தது. 1898இல் துவானோ என்ற பாரிஸ் சட்ட மருத்துவர், உண்மையான கன்னியையும் பொய்க் கன்னியையும் பிரித்தறிவது பற்றி எழுதினார். சவ்வு கிழியாமலேயே நெகிழ்ந்திருப்பவளைக் கண்டுபிடிக்க விரல். 1911இல் அது இங்கிலீஷில் வந்தது. 1920இல் ஜெய்சிங் மோதியின் சட்ட மருத்துவப் பாடநூல் முதல் பதிப்பு. மோதி இல்லாமல் இந்த நாட்டில் ஒருவன் டாக்டராகவோ வக்கீலாகவோ ஆக முடியாது என்கிற அளவுக்கு அது நின்றது. பதிப்பு மேல் பதிப்பாக விரல் கணக்கு அதன் வழியே வகுப்பறைக்கும், வகுப்பறையிலிருந்து ஜில்லா ஆஸ்பத்திரிக்கும் போயிற்று. விஞ்ஞானம் என்ற அந்தஸ்து அதற்குக் கிடைத்தது திரும்பத் திரும்ப அச்சானதனால்தான். தசையின் நெகிழ்ச்சி ஆளுக்கு ஆள் வேறுபடும். பயத்தில் ஒன்றாகவும் தளர்ச்சியில் ஒன்றாகவும் இருக்கும். விரலே கைக்குக் கை வேறு. அதிலிருந்து ஒருத்தியின் பழைய வாழ்க்கையைப் படிக்க முடியாது. படிக்க முடிந்தாலும், நேற்று நடந்ததற்கு அதனால் என்ன?

இந்தச் சரித்திரத்தில் ஒரு கிளை வேறு திசையில் போயிருக்கலாம். கல்கத்தாவில் பத்துப் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி, முப்பதைத் தாண்டிய கணவனின் பலவந்தத்தில் உதிரம் போய் இறந்த வழக்கு 1890இல் நடந்தது. மனைவி பத்து வயதைத் தாண்டியவள் என்பதால் சட்டப்படி அது பலாத்காரமே இல்லை. அஜாக்கிரதையான செயலால் கொடுங்காயம் என்று ஒரு வருஷத் தண்டனை. அதையொட்டி இந்தியாவில் வேலை செய்த பெண் டாக்டர்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள், மான்ஸெல் என்ற டாக்டரம்மாள் முன்னின்று, வைஸ்ராய்க்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். தங்களிடம் வந்த சிறுமிகளின் கேஸ்களை ஒவ்வொன்றாக எழுதியிருந்தார்கள். என்ன காயம், எத்தனை நாள் கிடந்தாள், பிழைத்தாளா என்று. கற்பு பற்றிய பேச்சே இல்லை. சம்மத வயது 1891இல் பத்திலிருந்து பன்னிரண்டாயிற்று. உடலை வலிக்கிற இடமாகப் பார்த்து எழுதவும் அப்போது டாக்டர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பாடநூலில் அந்த எழுத்து ஏறவில்லை.

*

இங்கே நம் சொல்லுக்கு வருகிறேன். ‘கற்பழிப்பு’. நாளிதழ்களும் போலீஸ் காகிதங்களும் பல தலைமுறையாகப் புழங்கிய சொல் இது. என் மொழிபெயர்ப்புக் கட்டுகளின் மேலட்டையில் இதுதான் இருக்கும். இந்தச் சொல்லின்படி அழிக்கப்பட்ட பொருள் எது? அவளுடைய உடம்போ, நிம்மதியோ, தூக்கமோ இல்லை. கற்பு. அப்படியானால் விசாரணையில் முதல் கேள்வி நியாயமாகவே அதுதான்: அழிப்பதற்கு அவளிடம் அது இருந்ததா? மேஜைமேல் விரல்கள் கேட்டதும் அதே கேள்வி. ஐரோப்பியப் பாடநூலையும் வெள்ளைக்கார நீதிபதியையும் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர்கள் ஒரு சோதனையாக வைத்திருந்ததை நாம் ஒரு சொல்லாகவே வைத்திருந்தோம். உடற்கூற்றுத் தமிழிலும் பாருங்கள், அந்தச் சிறிய சவ்வுக்குக் ‘கன்னிச்சவ்வு’ என்று பெயர். எலும்பைத் தொட்டால் எலும்பு என்கிற மொழி, இங்கே வந்ததும் நற்சான்றுப் பத்திரம் எழுதிவிடுகிறது.

பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலைக் கற்பு என்ற சொல்லை எடுத்துப் பிரித்துப் பார்ப்பதில்தான் தொடங்குகிறார். நாம் அதைப் பிரசாரம் என்று ஒதுக்கிவைத்தோம். சொல்லாராய்ச்சி என்று படித்திருக்கலாம். பிறகு வந்த சொற்களில் ‘பாலியல் வல்லுறவு’ ஈழத்தில் நன்றாகவே ஊன்றிவிட்டது. இங்கே வன்புணர்ச்சி, பாலியல் வன்கொடுமை என்று பல. ‘வல்லுறவில்’ உறவு எங்கே வந்தது என்று ஒரு தோழி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஆனால் எதிலும் கற்பு இல்லை. அது போதும் என்றுதான் இப்போதைக்குப் படுகிறது.

*

1972 மார்ச் 26 இரவு, மகாராஷ்டிரத்தில் அன்றைய சந்திரபூர் ஜில்லா, தேசாய்கஞ்ச் போலீஸ் ஸ்டேஷன். பதினாறு வயதுக்குள்ளான ஒரு ஆதிவாசிப் பெண்; இரண்டு போலீஸ்காரர்கள். வழக்கு அவள் பெயராலேயே பிரசித்தம். நான் எழுதவில்லை. இப்படிப்பட்டவர்களின் பெயரை அச்சிடுவது குற்றம் என்ற விதி 1983இல் வந்தது; வந்ததற்கு இந்த வழக்கும் காரணம்; அதற்குள் அவள் பெயர் சட்டப் புத்தகங்களில் அச்சாகிவிட்டிருந்தது.

மறுநாள் இரவு எட்டு மணிக்கு டாக்டர் பரிசோதித்தார். கிட்டத்தட்ட இருபது மணி நேரம் கழித்து. காயம் இல்லை, பழைய கிழிசல்கள், இரண்டு விரல்கள் சுலபமாக. நம் வாக்கியம்தான். 1974இல் செஷன்ஸ் கோர்ட் அவளைப் பெரும் பொய்சொல்லி என்றது, உடலுறவுக்குப் பழக்கப்பட்டவள் என்றது, போலீஸ்காரர்களை விடுவித்தது. 1976இல் பம்பாய் ஹைகோர்ட்டின் நாகபுரி கிளை, பயத்தில் அடங்கிப்போவது வேறு, சம்மதம் வேறு என்று கண்டு தண்டித்தது. 1978 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட், உடம்பில் காயம் இல்லாததை எடுத்துக்காட்டி, எல்லாம் அமைதியாக நடந்ததாக முடிவுகட்டி, மறுபடி விடுவித்தது. காயம் இல்லை என்று டாக்டர் எழுதியது ஒரு கவனிப்பு. அது எதிர்ப்பு இல்லை என்றாகி, எதிர்ப்பு இல்லாதது சம்மதம் என்றாகி, மூன்று படியில் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் ஏறிப்போயிற்று.

1979 செப்டம்பர் 16ஆம் தேதியிட்டு உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதத்தை நான் தாமதமாகத்தான் படித்தேன். ஒரு பிரதியை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதியது. அடங்கிப்போவதற்கும் சம்மதிப்பதற்கும் உள்ள தூரத்தைத் தீர்ப்பு எந்த இடத்தில் அழித்தது என்று விரல் வைத்துக் காட்டினார்கள். கல்யாணத்துக்கு முன்னான உறவின்மேல் சமூகத்துக்குள்ள வெறுப்பு, போலீசுக்கு லைசென்ஸ் ஆகிவிடலாமா என்று கேட்டார்கள். அந்த வருஷங்களில் நம் பத்திரிகைகளில் படிமமா உள்ளடக்கமா என்று பக்கம் பக்கமாக விவாதித்துக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்து இந்திய விமர்சன எழுத்தில் மிகச் சிறந்த ஒன்று நம் கண்ணில் படாமல் போயிருக்கிறது.

கடிதத்தைத் தொடர்ந்து 1980இல் ஊர் ஊராகப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983இல் சட்டம் திருந்தியது. போலீஸ் காவலில் நடந்ததென்றால், சம்மதம் இல்லை என்று அவள் சொன்னால் கோர்ட் அதை ஏற்று ஆரம்பிக்க வேண்டும். சந்தேகமில்லாமல் பெரிய காரியம். ஆனால் யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவில்லை. பரிசோதனை மேஜை அப்படியே இருந்தது, பாடநூல் அப்படியே இருந்தது.

*

ஆஸ்பத்திரி என்பது வைத்தியம் பார்க்கிற இடம். இதைச் சொல்லியாக வேண்டியிருப்பதே விசித்திரம். ஆனால் இந்த ஒரு கேஸில் மட்டும் அவள் நோயாளியாக உள்ளே வரவில்லை, சான்றுப்பொருளாக வந்தாள். போலீஸ் மெமோ இல்லாமல் தொட மாட்டார்கள். முதலில் ஸ்டேஷனுக்குப் போ, எழுதி வாங்கிக்கொண்டு வா. அங்கே ஒரு நாள் போகும். அந்த ஒரு நாளில் குளித்துவிடுவாள், சேலையை அலசிவிடுவாள். பிறகு டாக்டர் எழுதுவார், தடயம் ஏதும் இல்லை. 2000இல் கர்நாடகத்து வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் இதைக் கண்டித்தது. போலீஸ் அனுப்பவில்லை என்று கிராமப்புற அரசு டாக்டர்கள் பெண்களைத் திருப்பியனுப்பக் கூடாது என்றது. 2006இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பரிசோதனைக்கு அவள் சம்மதம் வேண்டும் என்று முதல்தடவையாகச் சட்டத்தில் எழுதியது. சம்மதம் இருந்ததா என்று விசாரிக்கவே நடந்த ஒரு பரிசோதனைக்கு, அதுவரைக்கும் சட்டம் சம்மதம் கேட்கச் சொல்லவில்லை.

ஆனால் கோர்ட்டுகளுக்கு முன்பாகவே சில வார்டுகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. மும்பை பாந்த்ராவில் பாபா ஆஸ்பத்திரி, மாநகராட்சி நடத்துவது. அங்கே செஹாட் என்ற ஆய்வு நிறுவனமும் மாநகராட்சியும் சேர்ந்து 2000ஆம் வருஷ வாக்கில் ‘திலாசா’ என்று ஒரு பிரிவு ஆரம்பித்தார்கள். திலாசா என்றால் ஆறுதல். அடிபட்டு வரும் பெண்களோடு பேச ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஆட்கள். 2008இலிருந்து மும்பையின் மூன்று மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் பாலியல் வன்கொடுமைக்கென்றே ஒரு நடைமுறையை உண்டாக்கினார்கள். என்ன புதுமை? வைத்தியம் முதலில், காகிதம் அப்புறம். 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் இருக்கின்றன. கர்ப்பம் தங்காமலிருக்க ஒன்று, எச்.ஐ.வி. தொற்றாமலிருக்கச் சில. நூறு வருஷப் பாடநூல் கன்னியா இல்லையா என்று அளந்துகொண்டிருந்த நேரம் உண்மையில் இந்த மாத்திரைகளுக்கான நேரம்.

2012 டிசம்பர் தில்லிச் சம்பவமும் வர்மா கமிட்டியும் எல்லோருக்கும் தெரிந்தவை, விரிக்கவில்லை. கமிட்டி 2013 ஜனவரியில் விரல் சோதனை கூடாது என்றது. ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது. அரசாங்கமோ தனியாரோ, எந்த ஆஸ்பத்திரியும் உடனே இலவசமாக வைத்தியம் பார்த்தாக வேண்டும், மறுத்தால் ஒரு வருஷம்வரை சிறை என்று சட்டம் வந்தது. 2024 ஜூலையில் சட்டங்களின் பெயரும் எண்களும் மாறியபோதும் இந்தக் கடமை அப்படியே தொடர்கிறது. 2014 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வழிகாட்டியும் படிவமும் வெளியிட்டது. அந்தப் படிவத்தை நான் ஒரு இலக்கியப் பிரதியைப் படிக்கிற மாதிரிப் படித்தேன். உயரம், எடை, உடற்கட்டு வேண்டாம் என்கிறது; திடமானவள் என்றால் தடுத்திருப்பாளே என்ற பழைய தர்க்கத்துக்கு அங்கே வாசல் அடைக்கப்பட்டிருக்கிறது. காயம் இல்லாவிட்டால் அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று டாக்டர் எழுத வேண்டும் என்கிறது. 1978இல் அந்த மூன்று படிகள் ஏறிய இடம் இதுதான்.

இருந்தாலும் வாக்கியம் சாகவில்லை. சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு. வழிகாட்டி எல்லா ஊருக்கும் போய்ச் சேரவில்லை. 2022 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட், இன்னும் இந்தச் சோதனை நடக்கிறதே என்று தமிழ்நாடு அரசை உடனே தடைசெய்யச் சொன்னது. அதே வருஷம் அக்டோபர் 31 அன்று சுப்ரீம் கோர்ட், இதைச் செய்கிற டாக்டர் ஒழுங்கீனக் குற்றவாளி என்றது. அன்று அது தீர்த்த வழக்கு ஜார்க்கண்டில் 2004 நவம்பரில் நடந்தது. பலாத்காரம் செய்தவன் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டுப் போனான். தேவ்கர் ஆஸ்பத்திரியில் தீக்காயத்தோடு கிடந்தாள், வாக்குமூலம் கொடுத்தாள், டிசம்பர் 14 அன்று செத்துப்போனாள். அவள் விஷயத்திலும் மருத்துவக் குழு ஒன்று விரல் சோதனை செய்து எழுதியிருக்கிறது. எரிந்துகொண்டிருந்த ஒரு உடம்பிடமும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட மனசு வரவில்லை.

2024 ஆகஸ்ட் கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தில் கன்னிமையும் சவ்வின் முக்கியத்துவமும் திரும்பித் தலைகாட்டின. கூச்சல் கிளம்பியது, ஒரு வாரத்துக்குள் பாடத்திட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

*

எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ், அரசாங்க ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். இந்தக் கட்டுரைக்காக அவரிடம் போனேன். படிவத்தில் எந்த இடம் முக்கியம் என்று கேட்டேன். தடயப் பெட்டி, சீல், டி.என்.ஏ. என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் முதல் பக்கத்தைக் காட்டினார். வைத்தியத்துக்கு, பரிசோதனைக்கு, மாதிரி எடுப்பதற்கு என்று தனித்தனியாகச் சம்மதம் கேட்கும் வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை.

“முன்னெல்லாம் கையெழுத்து ஒண்ணுதான் சார். ரேகை வாங்கிட்டு அனுப்பிடுவோம். இப்ப ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டணும். ஒரு பொண்ணு வந்துச்சு. வைத்தியத்துக்கு ஆம்னுச்சு. மத்த எல்லாத்துக்கும் இல்லைன்னுச்சு. போலீசுக்கும் வேண்டாம்னுச்சு.”

“என்ன செய்தீர்கள்?”

“வேண்டாம்னதையும் எழுதித்தானே ஆகணும். டாக்டரம்மா எழுதுனாங்க, நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். மாத்திரை குடுத்தோம், ஊசி போட்டோம். எப்ப மனசு மாறினாலும் வாம்மான்னு டாக்டரம்மா சொன்னாங்க. அந்தப் புள்ளைக்கு அஞ்சரைக்குக் கடைசி பஸ்சு. காகிதத்த ஒரு தடவை வாங்கிப் படிச்சுப் பாத்துட்டுப் போச்சு.”

அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பீரோவில், மற்றக் காகிதங்களோடு, என்றார்.